டியூட்டிக்குப் பிறகு: வீட்டு நோயாளியா, இணையப் பாடமா?

ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்ததும் கொழும்பில் ஒரு பிசியோவுக்கு, அதாவது இயன்மருத்துவருக்கு, இரண்டு வழி. ஒன்று, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் வீடு வீடாகப் போவது. காசு அன்றே கைக்கு வரும். காலி வீதி நெரிசலில் ஓட்டோவுக்குள் கழியும் நேரத்துக்குத்தான் யாரும் தரமாட்டார்கள்.

மற்றது, பிசியோபீடியா என்ற இயன்மருத்துவ இணையக் கலைக்களஞ்சியம் போன்ற தளத்துக்குத் தன்னார்வமாக எழுதுவது. சம்பளம் கிடையாது. தளத்தின் லண்டன்காரர் தங்கள் மாலை 6 மணிக்குக் கூட்டம் வைத்தால், குளிர்காலத்தில் நமக்கு இரவு 11.30. ஆனால் படிப்பு இங்கேதான். முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தவரிடம், "90 பாகையாவது மடக்க வேணும் அம்மா" என்று அடித்துச் சொல்லிவிடுவேன். அதையே தளத்துக்கு எழுதினால், "ஏன் 90? ஆதாரம் எங்கே?" என்று கேட்பார்கள். ஒரு பந்திக்காக நான்கு ஆய்வுக் கட்டுரை வாசித்த இரவும் உண்டு. அப்புறம் ஒரு நாள் அம்மம்மா ஒருவர் முழங்கால் போதிய அளவு மடங்காமல், கதிரைக் கையைப் பிடிக்காமல் எழும்பத் தடுமாறியபோது, அந்த 90 கண்முன்னே நின்றது.

வீட்டுக் கடன் கழுத்தை நெரித்தால் நோயாளிகளைப் பிடியுங்கள், அதில் வெட்கமில்லை. மேற்படிப்பு எண்ணம் இருந்தால் எழுத்துப் பக்கம் வாருங்கள். சரி, நான்? செவ்வாயும் வியாழனும் வெள்ளவத்தை. ஞாயிறு பின்னேரம் மடிக்கணினி.