கட்டி சாக், லிக்விட் சாக், ஸ்ட்ராப்: சென்னை வியர்வையில் டெட்லிஃப்டுக்கு எது உதவும்?

தரையில் கிடக்கும் பாரை, அதாவது எடை மாட்டிய இரும்புத் தண்டை, குனிந்து பிடித்துத் தூக்கி நிமிர்வதுதான் டெட்லிஃப்ட். அதில் எடை ஏறாமல் நின்றுபோனால் பழி முதுகின் மேல்தான் விழும். ஆனால் சென்னையில், அதுவும் மின்விசிறி மட்டும் சுற்றும் மாடி ஜிம்களில், முதலில் தோற்பது பெரும்பாலும் விரல்கள். பார் உள்ளங்கையிலிருந்து விரல் நுனிப் பக்கம் உருளத் தொடங்கியதும் உடம்பு தானாகவே இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். அக்குளை இறுக்கி வைத்திருந்த தசை தளரும். பார் காலை விட்டு முன்னால் விலகும், கீழ்முதுகு வளையும். பக்கத்தில் நிற்கும் மாஸ்டர் "முதுகு வளையுது, எடையைக் குறை" என்பார். அவர் கண்ணில் பட்டது விளைவு மட்டுமே. அதனால் இடுப்பு பெல்ட் வாங்குவதற்கு முன்னால் பிடிக்கு என்ன வாங்குவது என்று பார்ப்பது நல்லது.

முதலில் கட்டி சாக். இது மெக்னீசியம் கார்பனேட், கை ஈரத்தை இழுத்துப் பிடியை இறுக்க உள்ளங்கையில் பூசும் வெள்ளைப் பொடி. ஒரு கட்டி வழக்கமாக 56 கிராம் இருக்கும். பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய விளையாட்டுப் பொருள் கடைகளில் கேட்கும்போது "வெயிட் லிஃப்டிங் சாக்" அல்லது "ஜிம்னாஸ்டிக் சாக்" என்று சொல்லிக் கேளுங்கள். கரும்பலகைக்கான சாக்பீஸை இடித்துப் பூசுவோரும் உண்டு. அது வேறு பொருள், ஈரத்தை இந்த அளவுக்கு இழுக்காது. முகத்துக்குப் போடும் பவுடர் அதைவிட மோசம். டால்க் வழுக்குவதற்கென்றே இருப்பது. போட்டியாளர்கள் அதைத் தொடையில் பூசுவார்கள், பார் உரசாமல் ஏற. உள்ளங்கையில் பட்டால் தூக்கல் அங்கேயே முடிந்தது.

உலர்ந்த கையில் கட்டி சாக்கை மிஞ்ச எதுவும் இல்லை. சென்னையில் உலர்ந்த கை கிடைப்பதுதான் அரிது. பூசிய இரண்டாவது நிமிடமே அது மாவு பிசைந்த கை மாதிரி ஆகிவிடுகிறது என்பார்கள். காரணம் உள்ளங்கை வியர்வை மட்டுமல்ல. டெட்லிஃப்டில் கை நேராகத் தொங்குவதால் முழங்கையிலிருந்து வழியும் வியர்வை எல்லாம் மணிக்கட்டு வழியாகப் பிடிக்குத்தான் இறங்கும். ஆகவே பூசும் முன் பருத்தித் துண்டால் முழங்கையிலிருந்து கீழ்நோக்கித் துடையுங்கள். பாலியஸ்டர் துண்டு ஈரத்தை இடம் மாற்றும், எடுக்காது. மணிக்கட்டில் ஒரு துணிப் பட்டை போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். சாக்கை விபூதி மாதிரி மெல்லிசாக, விரல் மடிப்புகளிலும் கட்டைவிரல் உட்பக்கத்திலும் தேய்த்தால் போதும். தடிமனாகப் பூசினால் அந்தப் படலமே பாரோடு சேர்ந்து உருளும். கட்டியைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும். ஈரக்கையால் தொட்டுத் தொட்டுக் கல்லாகிவிட்டால் அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

லிக்விட் சாக் அதே மெக்னீசியம் கார்பனேட்டை ஆல்கஹாலில் கலந்தது. சென்னைக்கு நம் முதல் பரிந்துரை இதுதான். ஆல்கஹால் கையின் எண்ணெய்ப் பிசுக்கையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. பொடி பறக்காது. அதனால் சாக்குக்குத் தடை போட்டிருக்கும் ஏ.சி. ஜிம்களில்கூடப் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, கையைத் துடைத்து, சுமார் 1 மி.லி. எடுத்துப் பரப்பி, அரை நிமிடம் விரல்களை விரித்துக் காயவிடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். ஈரக்கையில் ஊற்றுகிறார்கள், அல்லது காயும் முன்பே பாரைப் பிடிக்கிறார்கள். அப்படிச் செய்தால் கிடைப்பது சேறு. 50 மி.லி. பாட்டில், ஒரு நாளைக்கு ஐந்து பூச்சு, வாரம் ஒருநாள் டெட்லிஃப்ட் என்று கணக்குப் போட்டால் பத்து வாரம் வரும்.

குறைகளும் உண்டு. சிலவற்றில் பிசின் சேர்ப்பார்கள். பிடி நன்றாக இருக்கும், ஆனால் பாரில் ஒட்டிக்கொண்டு அடுத்தவருக்குத் தொந்தரவு. தோல் வெடித்திருந்தால் எரியும். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் மே வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. தோல் வறண்டால் இரவில் கை கழுவித் தேங்காய் எண்ணெய் தடவலாம். காலையில் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு ஜிம்முக்கு வந்தால் எந்த சாக்கும் காப்பாற்றாது.

அடுத்தது ஸ்ட்ராப், மணிக்கட்டில் மாட்டிப் பாரில் சுற்றிக்கொள்ளும் பட்டை. அதைப் போடுவது கௌரவக் குறைச்சல் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. பிரிட்டன் பலசாலி எடி ஹால் 2016-இல் டெட்லிஃப்டில் 500 கிலோ தூக்கியது ஸ்ட்ராப் போட்டுத்தான். பவர்லிஃப்டிங் போட்டியில் அனுமதி இல்லை என்பது மட்டுமே உண்மை. நம் ஊருக்குத் தடித்த பருத்தி ஸ்ட்ராப் போதும். வழவழப்பான நைலான் ஈரத்தில் நழுவும். வளையம் மணிக்கட்டு எலும்பை ஒட்டி இருக்க வேண்டும், மேலே ஏறினால் கை மரத்துப்போகும். வால்பகுதி விரல்கள் சுற்றும் திசைக்கு எதிராக, பாரின் அடிவழியே போக வேண்டும். ஒன்றிரண்டு சுற்று போதும். எட்டு வடிவ ஸ்ட்ராப் எடையைச் சட்டென்று விட விடாது, புதியவர்களுக்கு வேண்டாம். முக்கியமான எச்சரிக்கை: எல்லா செட்டுக்கும் ஸ்ட்ராப் போட்டால் பிடி வளராது.

பொருள் எதுவானாலும் பிடிக்கும் விதம் தப்பாக இருந்தால் காசு வீண். பாரை உள்ளங்கை நடுவில் வைத்தால் இழுக்கும்போது தோலைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கும், காய்ப்பு கிழிவது இப்படித்தான். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் வையுங்கள். ஒரு கை மேல்பிடியாகவும் (உள்ளங்கை உடம்பைப் பார்த்து) ஒரு கை கீழ்ப்பிடியாகவும் (உள்ளங்கை முன்னால் பார்த்து) பிடிப்பவர்கள் கீழ்க்கை முழங்கையை மடக்கக்கூடாது, பைசெப்ஸ் தசைநார் அறுவது அந்தக் கையில்தான். செட்டுக்கு செட் பக்கம் மாற்றுவதும் நல்லது. ஹூக் கிரிப், அதாவது கட்டைவிரலை பாரோடு வைத்து அதன்மேல் இரண்டு விரல்களைப் பூட்டுவது, முதல் சில வாரங்கள் உயிரை எடுக்கும். கட்டைவிரலில் டேப் சுற்றி லேசான எடையில் பழக வேண்டும்.

அதிகபட்சம் 140 கிலோ தூக்குபவருக்கு ஒரு நாள் திட்டம் இப்படி இருக்கலாம். 60 கிலோ 5 முறை, 80 கிலோ 3, 100 கிலோ 2: மூன்றும் சாக் இல்லாமல், இரண்டு கையும் மேல்பிடியாக. பிறகு சாக் பூசி 115 கிலோ, 4 முறை வீதம் 3 செட், நடுவில் மூன்று நிமிட ஓய்வு. ஸ்ட்ராப் அடுத்த பயிற்சிக்குத்தான்: ருமேனியன் டெட்லிஃப்ட் (முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது) 80 கிலோ, 8 முறை வீதம் 3 செட். அங்கே வேலை தொடையின் பின்பக்கத்துக்கு, விரலுக்கு அல்ல. கடைசியில் ஸ்ட்ராப்பைக் கழற்றி 80 கிலோவை மேலே நிறுத்தி 15 விநாடி பிடிக்க வேண்டும், இரண்டு தடவை. அடுத்த வாரம் 115-இல் 2.5 கிலோ கூட்டலாம். ஏதாவது ஒரு செட்டில் விரல் திறந்தால் எடையைக் கூட்டாமல் அந்த 15 விநாடியை 20 ஆக்குங்கள்.

பாரையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். போட்டி பார் 20 கிலோ எடையும் 28 முதல் 29 மி.மீ. தடிமனும் கொண்டது. சொரசொரப்பு தேய்ந்து வழவழப்பாகிவிட்ட பாரில் சாக் பிடித்துக்கொள்ள இடமே கிடையாது. சிறிய பிளேட் (எடைத் தட்டு) மாட்டினாலும் கணக்கு கெடும்: 45 செ.மீ. விட்டமுள்ள பிளேட்டில் பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும், சிறியதில் அதற்கும் கீழே போய் முதுகை வளைக்கும். அடியில் ரப்பர் பாய் அடுக்கி உயர்த்திக்கொள்ளலாம்.

சாக்கும் வியர்வையும் சேர்ந்து பாரின் பள்ளங்களில் தங்கினால், கடற்கரை ஊர்க் காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். தூக்கி முடித்ததும் நைலான் பிரஷால் தேய்த்துவிடுங்கள், குரோம் பூசிய பாரில் இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். மாதம் ஒருமுறை தையல் மிஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டு, உலர்ந்த துணியால் பிசுக்குத் தெரியாத அளவுக்குத் துடைக்க வேண்டும். இதை டெட்லிஃப்டுக்கு முந்தின நாள் மட்டும் செய்யாதீர்கள்.