அப்பாவுக்கு ஒரு பழைய கார்

இந்த முறை ஊருக்குப் போனபோது முதல் வேலையே கார்தான். அப்பாவுக்கு 72 வயசு. கண் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் ஆட்டோ பிடித்துப் போய் வந்து முதுகு வலி கூடியதுதான் மிச்சம் என்று அம்மா போனில் புலம்பிக்கொண்டே இருந்தார். புதுசு வாங்கலாம் என்றால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "வாரத்துக்கு ரெண்டு நாள் எடுக்கதுக்கு எதுக்குல புது வண்டி?" சரி, செகண்ட் ஹேண்ட். ஓட்டுவதற்குச் சித்தி மகன் இருக்கிறான். எனக்கு இருந்தது 24 நாள் லீவு.

நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். அங்கே பழைய கார் வாங்குகிறவன் முதலில் பார்ப்பது காரை இல்லை, அதன் எம்ஓடி சரித்திரத்தை. மூன்று வயசான எந்தக் காரும் வருஷத்துக்கு ஒரு தடவை அந்தச் சோதனைக்குப் போயாக வேண்டும். அரசாங்கத் தளத்தில் நம்பர் பிளேட்டைத் தட்டினால் போதும், 2005 வரை பின்னால் போய்ப் பார்க்கலாம். பாஸா ஃபெயிலா, அன்றைக்கு எத்தனை மைல் ஓடியிருந்தது, எந்த டயர் தேய்ந்திருந்தது, பிரேக் பைப்பில் துரு இருந்ததா, எல்லாம் வரும். காசு கிடையாது. நான் வைத்திருக்கும் காரை வாங்கும்போது மூன்று வருஷமாக ஒரே பிரேக் பைப்பில் துரு என்று எழுதியிருந்ததைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனி கைகழுவிய வண்டியா என்பதை மட்டும் எம்ஓடி சொல்லாது, அதற்குத் தனியாகக் காசு கட்டிப் பார்க்க வேண்டும்.

இந்தப் பழக்கத்தோடுதான் ஊரில் இறங்கினேன். வண்டி விவரம் காட்டும் அரசாங்கச் செயலியான எம்பரிவாகனை ஏற்றினால் முதல் படியிலேயே ஓடிபி கேட்டது. என் இங்கிலாந்து நம்பருக்கு வரவில்லை. அப்பாவின் போனில் ஏற்றி, அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து ஆறு இலக்கத்தை வாசிப்பதற்குள் நேரம் முடிந்துவிட, மூன்றாவது தடவைதான் உள்ளே போக முடிந்தது. அதற்கப்புறம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்து வருஷம் முன்னால் ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் புரோக்கரிடம் காசு கொடுத்துக் கேட்ட சங்கதியெல்லாம் இப்போது திண்ணையில் உட்கார்ந்தபடியே கிடைக்கிறது. ஓனர் பேர் நடுவில் நட்சத்திரக் குறியோடு வரும். பதிவு தேதி, பெட்ரோலா டீசலா, இன்ஷூரன்ஸ் எதுவரை, புகைச் சான்று எதுவரை, வண்டி மேல் ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பதும் வரும். அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு 2018 வண்டிக்கு 'ஃபிட்னஸ் 2033 வரை' என்று காட்டியது. பரவாயில்லையே, ஊரிலும் சோதனை செய்து எழுதுகிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். சித்தி மகன் சிரித்தான். "அண்ணே, அது ஷோரூம்ல இருந்து வந்தன்னைக்குப் போட்ட தேதி. 15 வருஷத்துக்கு யாரும் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாங்க." அவன் சொன்னது சரிதான். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம் செல்லும், அதற்கப்புறம்தான் சோதனை செய்து ஐந்தைந்து வருஷமாக நீட்டிப்பார்கள். டி போர்டு வண்டிகள்தான் எஃப்சிக்குப் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் நடக்கும் ஒரே பரிசோதனை புகை டெஸ்ட். அது புகையை மட்டும்தான் பார்க்கும். பிரேக் பிடிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கிலோமீட்டர்க் கணக்கும் செயலியில் எங்கேயும் இல்லை. ஆகவே வண்டி யாருடையது என்று அரசாங்கம் சொல்லிவிடும். எப்படி ஓடியது என்பதை நாம்தான் ஊரெல்லாம் கேட்டுத் தொகுக்க வேண்டும்.

முதலில் பார்த்தது ஒரு கார் கன்சல்டிங்கில். நம்மூரில் பழைய கார் விற்கிற கடைக்கு ஏன் கன்சல்டிங் என்று பேர் வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வெள்ளை வண்டி, சிங்கிள் ஓனர், மீட்டரில் 46,000. டாக்டர் ஓட்டின வண்டி என்றார்கள். (விற்பனைக்கு வரும் கார்களைப் பார்த்தால் நம் ஜில்லாவில் டாக்டர்களும் ரிட்டையர்டு வாத்தியார்களும் மட்டும்தான் கார் ஓட்டியிருக்கிறார்கள்.) கிளட்ச் பெடல் ரப்பரில் வரியே இல்லை, வழவழவென்று தேய்ந்திருந்தது. ஸ்டீயரிங் மேல்பாதி பளபளத்தது. 46,000-க்கு இவ்வளவு தேயுமா? அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஓனர் சொன்னால்தான் விவரம் தருவோம் என்றார்கள், நியாயம்தான். கடைக்காரர் ஓனரிடம் பேசச் சொல்லாமல் இரண்டு நாள் இழுத்தார். கடைசியில் நாங்களே ஆளைப் பிடித்தோம். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது, வண்டியைக் கொடுத்துப் புதுசு எடுத்துக்கொண்டு போனவர். உடனே சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து சொன்னார். 2021-இல் கடைசியாக சர்வீஸுக்கு விட்டபோதே 81,000 கிலோமீட்டர். கடைக்காரரிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அப்படியா? அப்ப ஒரு 20,000 குறைச்சுக் கொடுங்க."

இரண்டாவது வண்டியைப் பார்க்க அப்பாவின் பழைய மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனோம். எனக்கு அவர் அண்ணாச்சி. நான் எட்டாவது படிக்கும்போது அப்பாவின் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டவர். டிஎன் 69, தூத்துக்குடி நம்பர். பேப்பர் எல்லாம் சுத்தம், செயலியில் ஒரு குறையும் இல்லை. விலை மட்டும் இதே வருஷத்து மற்ற வண்டிகளைவிட முக்கால் லட்சம் கம்மி. அண்ணாச்சி பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தார். ஏசி வெண்டில் வாசனை டப்பா ஒன்றுக்கு மூன்றாக மாட்டியிருந்தது. மூன்றையும் கழற்றி வெளியே வைத்தார். அப்புறம் டிரைவர் சீட் பெல்ட்டை இழுத்தார். நாம் போட்டுக்கொள்ள இழுக்கிற அளவு இல்லை, இனி வராது என்கிற வரைக்கும். கடைசி ஒரு சாண் நிறம் மாறியிருந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு, காபி டம்ளரின் உள்ளே காய்ந்த வளையம் மாதிரி. நகத்தால் சுரண்டினார், மாவு மாதிரி வண்டல் உதிர்ந்தது.

"தம்பி, இது குளிச்ச வண்டி" என்றார்.

2023 டிசம்பரில் அடித்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருநெல்வேலி ஜங்ஷன் மூழ்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுவிட்டது. அந்தத் தண்ணீரில் நின்ற கார்களெல்லாம் எங்கே போயின என்று அதுவரை நான் யோசித்ததில்லை. இன்ஷூரன்ஸில் 'டோட்டல் லாஸ்' ஆன வண்டியை ஏலத்தில் எடுத்து, காயவைத்து, சீட் துணி மாற்றி, பாலிஷ் போட்டு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். லெஸ்டரில் அப்படிப்பட்ட காருக்கு எஸ், என் என்று வகைப் பேர் ஒட்டிக்கொள்ளும். இங்கே ஆர்சி புக்கில் அந்தக் கறை எதுவும் ஏறாது. சீட் பெல்ட்டில் ஏறியிருந்தது. அண்ணாச்சி விடவில்லை. ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் கைவிட்டார், சீட் தண்டவாளத்துப் போல்ட்டுகளைக் காட்டினார், எல்லாம் துரு. "வயரிங்குக்குள்ள உப்பு ஏறியிருக்கும். இப்ப ஓடும். ஆறு மாசம் கழிச்சு நடுராத்திரி ரோட்டுல நிக்கும்." விற்கிறவர் அதற்குள் வேறு வண்டி காட்டுகிறேன் என்று ஆரம்பித்துவிட்டார்.

வாங்கினது மூன்றாவதாக வந்த வேகன்ஆர். இதுவும் ரிட்டையர்டு வாத்தியார் வண்டிதான், ஆனால் இந்த வாத்தியார் நிஜம், அப்பாவோடு வேலை பார்த்தவர். 2018 மாடல், 38,000 கிலோமீட்டர். சர்வீஸ் பில்களை வருஷவாரியாகத் துளை போட்டு நூல் கட்டி வைத்திருந்தார். எந்த எம்ஓடி தளத்துக்கும் குறையாத ஆவணம் அது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தை அண்ணாச்சி தடவிப் பார்த்து, எத்தனையாவது வாரம், எந்த வருஷம் என்று வாசித்தார். டயர் மாற்றின பில்லோடு பொருந்தியது. இடது பின் கதவில் மட்டும் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருந்தது. "கேட்டுல உரசிட்டேன்" என்று நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. லோன் அடைத்து மூன்று வருஷமாகியும் ஆர்சியில் பேங்க் பேர் அப்படியே இருந்தது. வாத்தியாருக்கே தெரியவில்லை. கடைசி தவணை கட்டியதும் தானாகப் போய்விடும் என்று நினைத்திருந்தார். என்ஓசியும் ஃபார்ம் 35-ம் வாங்க பேங்குக்கு நாலு நடை, என் லீவில் எட்டு நாள் போனது. அதற்கப்புறம் ஃபார்ம் 29, 30 என்று கையெழுத்துகள். வாத்தியாரின் இன்ஷூரன்ஸை அப்பா பேருக்கு மாற்றியபோது நோ கிளெய்ம் போனஸ் அதோடு வரவில்லை. அது ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. அந்த வித்தியாசத்தை நாங்கள் கட்டினோம்.

பேர் மாறுவதற்குள் நான் ஃபிளைட் ஏறிவிட்டேன். அப்பா தினமும் காலையில் காபி குடித்தபடி செயலியில் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார். "இன்னும் சார்வாள் பேர்தாம்ல இருக்கு." பதினோராவது நாள் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் அவர் பேர் வந்தது. தேடும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. இப்போது தெருவில் நிற்கிற வண்டி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கிறார். போன வாரம் எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, புகைச் சான்று முடிந்து நாலு மாசமாகிறது, போய் எடும் என்று சொல்லியிருக்கிறார். அவர் இன்னும் எடுக்கவில்லையாம்.