பேனா ஈசி மீட்டர்: கடலோரத் தோட்டங்களுக்கு வாங்கலாமா?

ஈசி என்பது மின்கடத்துதிறன்; தண்ணீரில் உப்பு கூடினால் அதுவும் கூடும். அதை அளக்கும் பேனா வடிவக் கருவியை, ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் உப்புக் கிணற்றை நம்பி வாழையோ முருங்கையோ வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் சில நூறு ரூபாய்க்கு விற்கும் டிடிஎஸ் (கரைந்த மொத்த உப்பு) பேனா வேண்டாம். அதுவும் மின்கடத்துதிறனைத்தான் அளக்கிறது, பிறகு 0.5-ஆலோ 0.7-ஆலோ பெருக்கி பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) ஆக்கிக் காட்டும். எதனால் பெருக்கியது என்று தெரியாவிட்டால் அந்த எண் வீண். மின்கடத்துதிறனின் அலகான மைக்ரோசீமன்ஸில் காட்டுவதும், வெப்பநிலைத் திருத்தம் உள்ளதுமான மாடலைக் கேளுங்கள். 25 டிகிரிதான் அடிப்படை; அதற்கு மேல் டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் மின்கடத்துதிறன் ஏறும் என்பதால், திருத்தம் இல்லாத பேனா 35 டிகிரித் தண்ணீரில் 20 சதவீதம் கூட்டிச் சொல்லும்.

மண்ணில் நேரே குத்திப் பார்க்கக் கூடாது. நிழலில் உலர்த்திச் சலித்த மண் 20 கிராம், காய்ச்சி வடித்த தண்ணீர் 50 மில்லி. அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கி, தெளிந்ததும் மேல்நீரில் முனையை முக்கி, குமிழி போக ஆட்டிவிட்டுப் பாருங்கள். போர்த் தண்ணீரில் கலக்கினால் அதன் உப்பும் சேர்ந்து வரும். 1000 மைக்ரோசீமன்ஸுக்குள் இருந்தால் பயமில்லை. அதைத் தாண்டினால் முளைப்பு அடிபடும். 3000-க்கு மேல் பெரும்பாலான பயிர் தேறாது.

தேரி மணலுக்கு (செம்மணல் மேட்டு மண்) இந்த வரம்பு அப்படியே பொருந்தாது. மணல் பிடித்துவைக்கும் ஈரம் குறைவு. அதனால் மீட்டரில் ஒரே எண் வந்தாலும், வேரடியில் உப்பு கரிசலைவிடச் செறிவாக நிற்கும். மணலில் 600 வந்தாலே கவனியுங்கள்.

சொட்டுநீர்த் தோட்டத்தில் மண் எடுக்கும் இடம்தான் முக்கியம். சொட்டுவானுக்கு நேர் கீழே உப்பு கழுவப்பட்டிருக்கும். ஈர வட்டத்தின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். இரண்டையும் தனித்தனியே அளந்தால் வித்தியாசம் தெரியும். ஐப்பசியில் முதல் தூறல் விழும்போது அந்த விளிம்பு உப்பு வேருக்கு இறங்கும். ஈரம் இருந்தும் இலை துவண்டு, ஓரம் கருகுவது இதனால்தான். நல்ல மழை பெய்யும் வரை சொட்டுநீரை நிறுத்தாதீர்கள்.

ஜிப்சம் வேண்டுமா என்பதை இந்தக் கருவி சொல்லாது. வெறும் உவருக்கு (உப்பு மிகுந்த மண்) வடிகாலும் நல்ல தண்ணீரும்தான் மருந்து. கார அமில நிலை 8.5-க்கு மேல் போன, சோடியம் மிகுந்த களருக்குத்தான் ஜிப்சம். அதற்கு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். ஜிப்சமும் ஓர் உப்புதான், போட்டபின் மீட்டர் ஏறினால் பதற வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் முனையைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசுங்கள். மீட்டரைச் சரிபார்க்க விற்கும் 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசலைக் கிண்ணத்தில் ஊற்றிச் சரிபாருங்கள். மிஞ்சியதைப் பாட்டிலில் திருப்பி ஊற்றாதீர்கள்.