செகண்ட் இயர் பிசிக்ஸுக்கு முன்னாடி கணக்கை சரிபண்ண எம்ஐடியோட ரெண்டு இலவச கோர்ஸ், முழுசா முடிச்சுட்டு எழுதறேன்

ஃபர்ஸ்ட் இயர் முடிஞ்ச லீவுல ஒரு சீனியர்கிட்ட எலக்ட்ரோமேக்னட்டிசம் நோட்டை வாங்கிப் புரட்டினேன், முதல் பக்கத்துலயே தலைகீழா ஒரு முக்கோணம், அதுக்குப் பக்கத்துல ஒரு இடத்துல புள்ளி, இன்னொரு இடத்துல பெருக்கல் குறி, ஒரு வரிகூட புரியல. பிசிக்ஸ் புரியலன்னா பரவால்ல, கிளாஸ்ல சொல்லித்தருவாங்க, ஆனா கணக்கு தெரியும்னு நினைச்சுக்கிட்டுதான் அங்க பாடத்தையே ஆரம்பிப்பாங்க. அந்த பயத்துல தேடிப் பிடிச்சதுதான் அமெரிக்காவுல இருக்கற எம்ஐடி தன்னோட பாடங்களை இலவசமா போடற ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்துல 18.02, 18.03ங்கற நம்பர்ல இருக்கற ரெண்டு கோர்ஸ். முதலாவது மல்டிவேரியபிள் கால்குலஸ், அடுத்தது டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். இப்போ செகண்ட் இயரும் முடிச்சாச்சு, அதனால எது கைகொடுத்துச்சு எது கொடுக்கலன்னு அனுபவத்துல இருந்தே சொல்றேன்.

காசு கிடையாது, அக்கவுண்ட்கூட வேண்டாம், வீடியோ, நோட்ஸ், ப்ராப்ளம் செட், பரீட்சைத் தாள், விடை எல்லாம் திறந்தே இருக்கு. சர்டிஃபிகேட் தரமாட்டாங்க, சந்தேகம் கேட்டா பதில் சொல்லவும் ஆள் கிடையாது, அதை அவங்களே சொல்லிடறாங்க. ரெண்டு கோர்ஸுக்கும் நம்பருக்குப் பின்னாடி எஸ்சி எழுத்து போட்ட ஒரு வடிவம் இருக்கு, தனியா படிக்கறவங்களுக்குன்னே அடுக்கினது, பல பாடங்களுக்குப் பக்கத்துல கணக்கு போட்டுக் காட்டற சின்ன வீடியோவும் இருக்கும். தனியா படிக்கறீங்கன்னா அதையே எடுங்க.

18.02 நடத்தறவர் டெனி ஓரூ, 2007-ல எடுத்த வீடியோ, மொத்தம் 35 லெக்சர். சாக்பீஸ், கரும்பலகை, அவ்வளவுதான், ஸ்லைடு எதுவும் கிடையாது, அதனாலதான் நம்ம கையும் கூடவே எழுதும். டாட் ப்ராடக்ட்ல ஆரம்பிச்சு பார்ஷியல் டெரிவேட்டிவ், டபுள் இண்டக்ரல், லைன் இண்டக்ரல்னு போய் கடைசில ஸ்டோக்ஸ் தேற்றம், மேக்ஸ்வெல் சமன்பாடு வரைக்கும் வந்து சேருது. எனக்கு உண்மையா பயன்பட்டது அந்த கடைசி மூணுல ஒரு பங்குதான்.

அதுல ஒரு உதாரணம் மட்டும் சொல்லியே ஆகணும். ஒரு தளத்துல ஆரிஜினைச் சுத்திச் சுழலற ஒரு வெக்டர் ஃபீல்டு, எக்ஸ் பக்கம் மைனஸ் ஒய், ஒய் பக்கம் எக்ஸ், ரெண்டையும் ஆர் ஸ்கொயரால (ஆர்னா ஆரிஜின்ல இருந்து இருக்கற தூரம்) வகுத்தது. கர்ல், அதாவது ஃபீல்டு ஒவ்வொரு புள்ளியிலயும் எவ்வளவு சுழலுதுங்கற அளவு, கண்டுபிடிச்சா ஆரிஜினைத் தவிர எல்லா இடத்துலயும் பூஜ்யம். சரி, கர்ல் பூஜ்யம்னா மூடின பாதையில இண்டக்ரலும் பூஜ்யம்தானேன்னு ஆரிஜினைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுப் பார்த்தா 2 பை வருது. நான் மூணு தடவை திரும்பப் போட்டேன், மூணு தடவையும் 2 பைதான். தப்பு கணக்குல இல்ல, ஆரிஜின்ல ஃபீல்டே கிடையாது, வட்டத்துக்குள்ள ஒரு ஓட்டை இருக்கு, அதனால அந்த தேற்றத்தை அங்க போட உரிமையே இல்ல. செகண்ட் இயர்ல நீளமான கம்பியில கரண்ட் ஓடும்போது சுத்தி வர்ற மேக்னட்டிக் ஃபீல்டு இதே வடிவம்தான், ஆம்பியர் விதி சொல்றதும் இதுதான், அந்த ஓட்டை இருக்கற இடத்துலதான் கம்பியே இருக்கு. அன்னிக்கு கிளாஸ்ல உக்காந்து எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

ஒரு எச்சரிக்கை. ஸ்ஃபெரிக்கல் கோஆர்டினேட்ஸ்ல அவர் செங்குத்து அச்சுல இருந்து இறங்கற கோணத்தை ஃபை (φ) எழுத்தால குறிப்பார், கிடைமட்டமா சுத்தற கோணம் தீட்டா. பிசிக்ஸ் புத்தகங்கள்ல பெரும்பாலும் அப்படியே தலைகீழ். இது தெரியாம ரெண்டையும் மாத்தி மாத்திப் படிச்சா வால்யூம் இண்டக்ரல்ல சைன் எந்தக் கோணத்துக்குன்னே குழம்பிடும், நோட்டு முதல் பக்கத்துலயே எழுதி வச்சுக்கங்க.

18.03 ஆர்தர் மட்டக் நடத்தினது, 2003 வீடியோ. படம் பழசாத்தான் தெரியும், பாடத்துல பழசுன்னு எதுவும் இல்ல. அவர் 2021-ல காலமாயிட்டார், அவர்கிட்ட நேர்ல படிக்காத என்னை மாதிரி ஆளுங்களுக்கும் அவர் வாத்தியார்தான். இவர்கிட்ட நான் கத்துக்கிட்ட பெரிய விஷயம் காம்ப்ளெக்ஸ் நம்பரைக் கண்டு பயப்படாம இருக்கறது. ஈ பவர் மைனஸ் எக்ஸையும் காஸ் எக்ஸையும் பெருக்கி, அதை இண்டக்ரேட் பண்ணச் சொன்னா ரெண்டு தடவை பை பார்ட்ஸ் போட்டு குறியைத் தொலைச்சுட்டு உக்காந்திருப்போம். இவர் காஸை ஈ பவர் ஐ எக்ஸோட ரியல் பார்ட்டா மாத்தறார், ரெண்டும் சேர்ந்து ஒரே எக்ஸ்பொனென்ஷியல் ஆயிடுது, இண்டக்ரேஷன் ஒரு வகுத்தலோட முடிஞ்சுது, அப்புறம் ரியல் பார்ட்டை எடுத்துக்கிட்டா விடை. தேய்மானம் உள்ள ஆசிலேட்டர், ஏசி சர்க்யூட், அலை, எல்லாத்துலயும் இதே வித்தைதான்.

அதே கோர்ஸ்ல லீனியர் சிஸ்டம்ஸ் பகுதியை மட்டும் தயவுசெஞ்சு தாண்டிடாதீங்க. ஐகன்வேல்யூ (ஒரு மேட்ரிக்ஸ் சில வெக்டரை திசை மாத்தாம எத்தனை மடங்கு ஆக்குதுங்கற எண்) எதுக்குன்னு எனக்கு அங்கதான் புரிஞ்சுது. ஒரே அளவு ரெண்டு எடை, ஒரே மாதிரி மூணு ஸ்ப்ரிங், ரெண்டு ஓரமும் சுவர்ல கட்டியிருக்கு, இதை மேட்ரிக்ஸா எழுதினா ரெண்டு ஐகன்வேல்யூ வரும், ரெண்டு எடையும் சேர்ந்து ஆடறது ஒண்ணு, எதிரெதிரா ஆடறது இன்னொண்ணு, அதோட ஃப்ரீக்வென்சி முதல் ஆட்டத்தைவிட ரூட் 3 மடங்கு. குவாண்டம் ஆரம்பிச்சப்போ ஐகன்ஸ்டேட்னு சொன்னதும் என் மனசுல வந்தது அந்த ரெண்டு எடைதான்.

குறையும் இருக்கு. பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷனை வேரியபிள் பிரிச்சுத் தீர்க்கறது இந்த வீடியோக்கள்ல கிடையாது, ஃபோரியர் சீரிஸ் இருக்கு, ஃபோரியர் டிரான்ஸ்ஃபார்ம் இல்ல, லெஜாண்டர் பாலினாமியல் பக்கமே போகல. ஹைட்ரஜன் அணு வரைக்கும் குவாண்டம் போகும்போது இது மூணுமே தேவைப்படும், நான் அதுக்கு வேற இடத்துல தேடி அவசர அவசரமா படிச்சேன், அது பட்ட பாடு தனிக்கதை.

இன்னொண்ணு, இது கோர்ஸோட குறை இல்ல, நான் படிச்ச விதத்தோட குறை. முதல் 12 லெக்சரை வரிசையா பார்த்துக்கிட்டே போனேன், எல்லாம் புரிஞ்சுது, ப்ராப்ளம் செட்டைத் திறந்தா முதல் கணக்கே நகரல. அவங்க நல்லா சொல்லித்தர்றதாலயே நமக்கும் வந்துட்டதா ஒரு நினைப்பு வந்துடுது. அப்புறம் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சேன், வாத்தியார் பலகையில கணக்கை எழுதினதும் வீடியோவை நிறுத்தி நானே போட்டுட்டு அப்புறம்தான் ஓடவிடறது, ஒரு லெக்சருக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆகட்டும். பேப்பர்ல போடாத கணக்கு பரீட்சையில வராது.

முழுசா முடிக்க எனக்கு பத்து வாரம் ஆச்சு. உங்ககிட்ட நாலு வாரம்தான் இருக்குன்னா 18.02-ல லைன் இண்டக்ரல்ல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் பாருங்க, 18.03-ல காம்ப்ளெக்ஸ் எக்ஸ்பொனென்ஷியல், செகண்ட் ஆர்டர் ஈக்வேஷன், ஃபோரியர் சீரிஸ், ஐகன்வேல்யூ இது நாலும் போதும், லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்மை அப்புறமா பார்த்துக்கலாம்.