மேசையைப் பார்த்து வீல் வாங்குங்கள்: ஜி29, டி300, ஆர்5 ஒப்பீடு

ரேசிங் வீல், அதாவது கார் ரேஸ் விளையாட்டுகளுக்கான ஸ்டீயரிங், வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை நியூட்டன் மீட்டர்?" என்றுதான். மோட்டார் எவ்வளவு விசையோடு ஸ்டீயரிங்கைத் திருப்பும் என்று சொல்லும் அந்த எண் முக்கியம். ஆனால் வீலை எதில் மாட்டப் போகிறீர்கள், எதில் என்ன விளையாடுகிறீர்கள், கூட வரும் பிரேக் பெடல் எப்படி என்ற மூன்றையும் பார்த்துவிட்டு அந்த எண்ணுக்கு வந்தால் பணம் வீணாகாது. சேலத்தில் கம்ப்யூட்டர் வைத்து விளையாடும் பையன்கள் மத்தியில் அடிபடும் பெயர்கள் பெரும்பாலும் லாஜிடெக் ஜி29, த்ரஸ்ட்மாஸ்டர் டி300ஆர்எஸ், மோசா ஆர்5. மூன்றும் மூன்று விதமான இயந்திரம். ஒன்றில் பல்சக்கரம், ஒன்றில் பெல்ட், ஒன்றில் மோட்டார் தண்டிலேயே நேரடியாக ஸ்டீயரிங்.

வீலுக்குள் மோட்டார் எதற்கு என்பதை ஏற்காடு ரோட்டை வைத்தே சொல்லிவிடலாம். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். மழை விட்ட ரோட்டில் கொஞ்சம் வேகமாக இறங்கினால், வளைவில் திருப்பத் திருப்ப ஸ்டீயரிங் முதலில் கனக்கும். முன் டயர் பிடியை விடப் போகும் நேரத்தில் கை லேசாகும். திரும்பிய டயர் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளப் பார்க்கும் விசைதான் கையில் படும் அந்தக் கனம். டயரின் பிடி உச்சத்துக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்பே அந்த விசை உச்சம் தொட்டு இறங்க ஆரம்பித்துவிடும். அதனால் கைக்குத்தான் முதலில் சேதி வருகிறது, கண்ணுக்குப் பிறகுதான். நல்ல ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீல் (மோட்டார் வழியே விசையைக் கைக்குத் தரும் வீல்) என்றால் இந்த இறக்கத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும். சுவரில் மோதும்போது கையை உதறிவிடுவது எந்த வீலும் செய்யும் வேலை. அதை வைத்து மதிப்பெண் போடாதீர்கள்.

ஜி29 சறுக்குவது இந்த இடத்தில்தான். உள்ளே இரண்டு சிறிய மோட்டார்கள், சாய்வெட்டுப் பல்சக்கரங்கள். உச்ச விசை ஏறத்தாழ 2.2 நியூட்டன் மீட்டர். ஸ்டீயரிங் விட்டம் சுமார் 28 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், விளிம்பில் கைக்கு வருவது 1.6 கிலோ எடை அளவுக்குத்தான். அதுகூடப் போதும் என்றே வைத்துக்கொள்ளலாம். சிக்கல் கீழ்ப் பகுதியில் இருக்கிறது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே இருக்கும் சிறு தளர்வும் உராய்வும் சேர்ந்து லேசான விசைகளை விழுங்கிவிடுகின்றன. நேர் ரோட்டில் ஸ்டீயரிங் நடுவே செத்தது போல இருக்கும். குண்டும் குழியுமான ரோட்டில் கடகடவென்று சத்தம் வேறு. இரவு பன்னிரண்டு மணிக்கு விளையாடினால் பக்கத்து அறையில் படுத்திருப்பவர் எழுந்துவிடுவார்.

நடுவில் இருக்கும் இந்தச் செத்த பகுதியைப் பெருமளவு சரிசெய்யலாம். அசெட்டோ கோர்சா விளையாடுபவர்கள் 'வீல்செக்' என்ற இலவச நிரலை ஓட்டினால், அது விசையைப் படிப்படியாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் வீல் எவ்வளவு நகர்ந்தது என்று பதிவு செய்யும். அந்தப் பதிவை 'லட் ஜெனரேட்டர்' என்ற இன்னொரு நிரலில் கொடுத்தால் உங்கள் வீலுக்கென்று ஒரு திருத்தக் கோப்பு கிடைக்கும். அதை விளையாட்டின் 'சிஎஃப்ஜி' அடைவில் போட்டு, 'எஃப்எஃப் போஸ்ட் ப்ராசஸ்' கோப்பில் அதன் பெயரை எழுதி, வசதியை இயக்கிவிட வேண்டும். இதைச் செய்த பிறகு விளையாட்டில் இருக்கும் 'மினிமம் ஃபோர்ஸ்' (லேசான விசையையும் ஒரு குறைந்தபட்ச அளவுக்குத் தூக்கிவிடும் அமைப்பு) அளவைப் பூஜ்யமாக்க மறக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நேர் ரோட்டிலேயே ஸ்டீயரிங் இடமும் வலமும் துள்ளிக்கொண்டிருக்கும். திருத்தக் கோப்பு போட வழியில்லாத விளையாட்டுகளில் 'மினிமம் ஃபோர்ஸ்' மட்டும்தான் கதி. கையை எடுத்தால் வீல் தானாக ஆடத் தொடங்கும் வரை ஏற்றி, அங்கிருந்து ஓரிரு புள்ளி இறக்கி நிறுத்துங்கள்.

விசை கூடுதலாக வேண்டும் என்று விளையாட்டின் 'கெயின்' (மொத்த விசை) அளவை மேலே தள்ளுவது அடுத்த தவறு. மோட்டார் தன் உச்சத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் வரும் எல்லாச் சேதியும் ஒரே கனமாகத் தட்டையாகிவிடும். வளைவில் டயர் பிடி ஏறுவதும் இறங்குவதும் தெரியாது. அசெட்டோ கோர்சாவில் பெடல் காட்டும் சின்னப் பெட்டியில் விசைக்கு ஒரு பட்டை உண்டு, அது சிவப்பானால் விசை உச்சத்தைத் தட்டிவிட்டது என்று பொருள். ஐரேசிங் விளையாட்டிலும் அப்படியொரு பட்டை இருக்கிறது. நீண்ட வேக வளைவில் எப்போதாவது ஒரு நொடி சிவந்தால் பரவாயில்லை. வளைவு முழுக்கச் சிவப்பாகவே நின்றால் கெயினைக் குறையுங்கள். வீல் லேசானது போலத் தோன்றும், ஆனால் லேப் நேரம் (ஒரு சுற்றை முடிக்கும் நேரம்) ஒழுங்காகும்.

டி300ஆர்எஸ் பெல்ட்டும் பிரஷ்லெஸ் மோட்டாரும் கொண்டது. உச்சம் சுமார் 3.9 நியூட்டன் மீட்டர், சுழற்சி 1080 டிகிரி. சத்தம் குறைவு, நடுவில் செத்த பகுதி கிட்டத்தட்ட இல்லை. கொஞ்சம் ரப்பர்த்தனம் தெரியும், அதைப் பழகிக்கொள்ளலாம். இதன் பலவீனம் சூடு. தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூடேறி விசை மெல்ல மெல்லக் குறையும். உள்ளே ஃபேன் உண்டு, ஆனால் அது இழுப்பது அறைக் காற்றைத்தானே. சித்திரை, வைகாசியில் சேலத்து மாடி அறையில் மதியம் உட்கார்ந்து ஒரு மணி நேர ரேஸ் ஓட்ட நினைப்பவர்கள் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. வாங்கும்போது பெட்டியின் மேல் 'ஜிடி எடிஷன்' என்று இருக்கிறதா பாருங்கள். அதில்தான் மூன்று பெடல் வரும். சாதாரண டி300 பெட்டியில் இரண்டு பெடல்தான், அதுவும் சுமார் ரகம்.

ஆர்5 டைரக்ட் டிரைவ், மோட்டார் தண்டிலேயே ஸ்டீயரிங். 5.5 நியூட்டன் மீட்டர், 28 செ.மீ. ஸ்டீயரிங்கின் விளிம்பில் ஏறத்தாழ 4 கிலோ. மேலே சொன்ன டயர் சேதி இதில் எந்தத் திருத்தக் கோப்பும் இல்லாமலே கைக்கு வந்துவிடும். பல்லும் இல்லை, பெல்ட்டும் இல்லை, இடையில் விழுங்குவதற்கு எதுவும் இல்லை. மூன்றில் எது சிறந்த வீல் என்று கேட்டால் சந்தேகமே வேண்டாம், இதுதான். ஆனால் நிபந்தனைகளும் இதற்குத்தான் அதிகம். பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் ஓடாது, கம்ப்யூட்டர் மட்டும். பெடலும் சேர்ந்த கட்டாக வாங்கினால் வருவது ஆக்சிலரேட்டரும் பிரேக்கும்தான், கிளட்ச் தனிக் காசு. விலையும் ஜி29-ஐ விட நன்றாகவே மேலே. பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் ஜி29, டி300, அல்லது ஃபனாடெக்கின் கிரான் டூரிஸ்மோ டிடி ப்ரோ பக்கம் போக வேண்டும். லாஜிடெக்கின் இன்னொரு வீலான ஜி923-இல் பிளேஸ்டேஷனுக்கு ஒன்று, எக்ஸ்பாக்ஸுக்கு ஒன்று என இரண்டு மாடல்கள் உண்டு. பெட்டி பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றி வாங்கிவிட்டால் அவ்வளவுதான். அதன் பல்சக்கரமும் விசையும் ஜி29 வகைதான். மோட்டாருக்காக அதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இனி மேசை. இந்தத் தலைப்பில் அதிகம் எழுத வேண்டியது இதைப் பற்றித்தான்.

ஃபைபர் மேசை, மடக்கு மேசை, கால் ஆடும் பிளைவுட் மேசை எதுவும் ஆர்5-க்கு ஆகாது. ஜி29-ஐக் கூட அது தாங்குவது சந்தேகம். மோட்டார் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மேசையும் சேர்ந்து திரும்பினால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விசையில் ஒரு பங்கு மரத்தை ஆட்டுவதில் போய்விடும். கிளாம்பை இறுக்க இறுக்கப் பார்ட்டிகிள் போர்டு நசுங்கிப் பள்ளம் விழும். பலகைக்கு அடியில் ஒரு 12 மி.மீ. பிளைவுட் துண்டைக் கொடுத்து இறுக்கினால் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். பழைய ஆபீஸ் ஸ்டீல் மேசை கிடைத்தால் விடாதீர்கள்.

அதைவிட நல்ல வழி, ஸ்டாண்டு அடித்துக்கொள்வது. வெளிநாட்டு அலுமினிய ரிக்கின் விலையைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. கேட் அடிக்கும், ஜன்னல் கிரில் அடிக்கும் எந்த வெல்டிங் பட்டறையும் இதைச் செய்யும். 40×40 மி.மீ. சதுர பைப், 2 மி.மீ. கனம். வீல் உட்காரும் தட்டு 5 மி.மீ. இரும்புத் தகடு. பெடல் தட்டையும் வீல் தூணையும் ஒரே அடிச் சட்டத்தில் இணைக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக விட்டால் பிரேக்கை மிதிக்கும்போது பெடல் ஒரு பக்கம், வீல் ஒரு பக்கம் போகும். தகட்டில் ஓட்டை போடும் முன் வீலின் அடிப்பக்கத்தை ஒரு அட்டையில் வைத்து ஓட்டைகளைக் குறித்து, அந்த அட்டையைப் பட்டறையில் கொடுங்கள். வாயால் அளவு சொன்னால் கண்டிப்பாகத் தப்பும். ஜி29-க்கு அடியில் எம்6 போல்ட் பிடிக்கும். போல்ட்டின் நீளம் முக்கியம்: தகட்டின் கனம், வாஷர், வீலுக்குள் மரை இருக்கும் ஆழம் மூன்றையும் கூட்டி அளவாக வெட்டுங்கள். நீளமான போல்ட்டை முறுக்கினால் அது உள்ளே போய் எதையாவது குத்தும். பெயின்ட் அடிக்கும் முன் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். ஏற்காட்டு ஈரத்தில் வெறும் இரும்பு ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும்.

ஸ்டாண்டு வேண்டாம், தரையில்தான் பெடல் என்றால் நம் வீட்டு டைல்ஸ் தரை எதிரி. ஜி29 பெடலுக்கு அடியில் இருக்கும் பிடிப்பற்கள் கம்பளத்துக்காகச் செய்தவை, டைல்ஸில் ஒரு பயனும் கிடையாது. பெடலுக்குப் பின்னால் சுவர் வரைக்கும் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி பின்னால் ஓடாமல் இருக்க நாற்காலியின் அடித்தண்டையும் பெடலையும் ஒரு பட்டையால் கட்டிவிட்டால் போதும். கால் மிதிக்கும் விசை அதே பட்டையை இழுக்கும், இரண்டும் நகராது.

பிரேக் பெடலில் இரண்டு சாதி. ஒன்று, எவ்வளவு தூரம் இறங்கியது என்று அளப்பது. இன்னொன்று, எவ்வளவு அழுத்தினீர்கள் என்று அளப்பது, இதை லோட் செல் என்பார்கள். நிஜக் காரில் கால் நினைவில் வைப்பது அழுத்தத்தை. அதனால் லோட் செல் பெடலில் ஒரே இடத்தில் ஒரே அளவு பிரேக் பிடிப்பது சீக்கிரம் கைவரும். லேப் நேரம் குறைய வேண்டும் என்பவருக்கு, ஜி29-ஐ விற்றுவிட்டு ஆர்5 வாங்குவதை விட இருக்கும் வீலோடு ஒரு லோட் செல் பெடல் சேர்ப்பது அதிகப் பலன் தரும். த்ரஸ்ட்மாஸ்டரின் டி-எல்சிஎம் அந்த வகை. யூஎஸ்பியில் தனியாகவே கம்ப்யூட்டரோடு சேரும், வீல் எந்தக் கம்பெனி என்று கேட்காது. ஆனால் அதற்கும் ஆடாத தரைச் சட்டம் வேண்டும்.

பஸ், லாரி ஓட்டும் கூட்டத்துக்கு வேறு கணக்கு. யூரோ டிரக் சிமுலேட்டர் 2-இல் பஸ் மாட் (விளையாட்டில் பஸ்ஸைச் சேர்க்கும் கூடுதல் கோப்பு) போட்டு ஓட்டுகிறவர்களுக்கு டைரக்ட் டிரைவ் தேவையே இல்லை. ஜி29-இன் 900 டிகிரி சுழற்சி, மூன்று பெடல், கூடவே தனியாக விற்கும் லாஜிடெக் ஷிஃப்டர். ஆறு கியரும், அழுத்தித் தள்ளினால் ரிவர்ஸும் வரும் அந்தக் குச்சி தரும் சுகத்தை எந்த மோட்டாரும் தராது.

மின்சாரம் பற்றி இரண்டு வார்த்தை. யூஎஸ்பி கம்பியைக் கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் நேராகச் சொருகுங்கள், ஹப் வேண்டாம். ஓட்டத்தின் நடுவே வீல் துண்டித்துக்கொண்டால் விண்டோஸ் பவர் அமைப்பில் யூஎஸ்பியை உறங்கவைக்கும் வசதியை நிறுத்துங்கள், யூஎஸ்பி கம்பியைப் பவர் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரியுங்கள். பிளக்கில் எர்த் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலைமேல் இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே நல்லது.

பழைய ஜி29 வாங்குபவர்கள் படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள், நேரில் ஒரு லேப்டாப்போடு போங்கள். பவரும் யூஎஸ்பியும் சொருகியதும் வீல் தானாக இடம், வலம் கடைசிவரை சுற்றி நடுவில் வந்து நிற்க வேண்டும். சுற்றும்போது அரைபடும் சத்தம் வந்தால் பல் தேய்ந்திருக்கிறது. பிறகு விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து வேகமாக இருபக்கமும் பத்து முறை திருப்பி, நேராக விடுங்கள். நடுக்கோடு நகர்ந்திருந்தால் என்கோடர் (வீல் திரும்பிய கோணத்தை அளக்கும் பாகம்) பழுது, பேரமே பேசாமல் கிளம்புங்கள். ஒவ்வொரு பெடலையும் மெதுவாக இறக்கும்போது பட்டை துள்ளினால் உள்ளே தூசி. அதற்குக் கான்டாக்ட் கிளீனர் போதும். ஆனால் சாதாரண டபிள்யூடி-40 அடித்துவிடாதீர்கள், அந்த எண்ணெய் அடுத்த தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரேக் கல்லு போல இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஸ்பிரிங்குக்குள் ஒரு ரப்பர் கட்டை இருப்பதால் அப்படித்தான் இருக்கும். அது லேசாக இறங்கினால் முந்தைய உரிமையாளர் அந்த ரப்பரைக் கழற்றியிருக்கிறார். பெட்டியில் எங்காவது கிடக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.