பிரைவேட் ஃபீல்டைப் பார்க்க ரிஃப்ளெக்‌ஷனா, பேக்கேஜ் கெட்டரா?

ஜாவாவில் டெஸ்ட் எழுதும்போது, ஒரு கிளாஸின் பிரைவேட் ஃபீல்டில் (அந்த கிளாஸுக்கு வெளியே தெரியாத மாறியில்) என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டி வரும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ரிஃப்ளெக்‌ஷன் (நிரல் ஓடும்போதே கிளாஸின் உள்ளே எட்டிப் பார்க்கும் ஜாவா வசதி) என்றால், கெட்டிக்ளேர்டுஃபீல்டு மெத்தட் மூலம் ஃபீல்டைப் பெயர் சொல்லி எடுத்து, செட்அக்ஸசிபிளுக்கு ட்ரூ கொடுத்து பூட்டைத் திறந்தால் போதும், மதிப்பைப் படித்துவிடலாம். மூல கிளாஸில் ஒரு வரிகூட மாறாது. சிக்கலே அந்தப் பெயர்தான். அது வெறும் ஸ்ட்ரிங். நாளைக்கு யாராவது ஃபீல்டின் பெயரை மாற்றினால் கம்பைலர் வாயே திறக்காது. ஓடும்போதுதான் நோசச்ஃபீல்டு எக்செப்ஷன் வந்து விழும். ஜாவாவின் சொந்த கிளாஸ்கள் என்றால் இன்னும் கஷ்டம். 2021இல் வந்த ஜாவா 16 முதல் அவற்றின் உட்பகுதி இயல்பாகவே பூட்டப்பட்டிருக்கிறது. ஜாவாவை ஓட்டும்போது ஆட்-ஓபன்ஸ் ஆப்ஷன் கொடுத்துத்தான் திறக்க வேண்டும்.

அடுத்தது, அதே பேக்கேஜுக்கு (கிளாஸ்களின் தொகுப்புக்கு) மட்டும் தெரிகிற ஒரு கெட்டர், அதாவது ஃபீல்டின் மதிப்பைத் திருப்பித் தரும் சிறு மெத்தட். டெஸ்ட் கிளாஸும் அந்தப் பேக்கேஜிலேயே இருந்தால் நேராக அழைக்கலாம். பெயர் மாறினால் கம்பைலரே பிடித்துவிடும். கூடுதலாக ஒரு மெத்தட், அவ்வளவுதான் செலவு.

நம் கையில் இருக்கும் நிரல் என்றால் நான் கெட்டர் பக்கம்தான். சோர்ஸைத் தொட முடியாத பழைய லைப்ரரியா? சரி, ரிஃப்ளெக்‌ஷனையே எடுங்கள். ஆனால் அந்த அழைப்பு பத்து டெஸ்ட்களில் சிதறிக் கிடக்க வேண்டாம், ஒரே மெத்தடுக்குள் வையுங்கள்.