ஜன்னல் மாற்றும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது? மூன்று வகை நிறுவனங்கள், ஓர் ஒப்பீடு

வீட்டின் பழைய ஜன்னல்களை மாற்றத் தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது யூபிவிசி எனும் விறைப்பான பிளாஸ்டிக் நல்லதா, அலுமினியம் நல்லதா, மரமே போதுமா என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை கிடைத்த பிறகும் பாதி வேலைகூட முடிந்திருக்காது. ஒரு ஜன்னல் பாதி பட்டறையிலும் மீதி நம் வீட்டுச் சுவரிலுமாக உருவாகிறது. மழைநீர் கசிவது, இடுக்கு வழியே காற்று சீழ்க்கையடிப்பது, கதவு அடிச்சட்டத்தில் உரசுவது போன்ற குறைகளில் பெரும்பாலானவை, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விடப்படும் விரற்கடை அகலமும் இல்லாத இடைவெளியிலும், சட்டம் நிறுத்தப்பட்ட விதத்திலும் பிறப்பவை. ஆகவே அளவெடுப்பவர் யார், செய்பவர் யார், பொருத்துபவர் யார், பழுதானால் வந்து நிற்பவர் யார் என்ற நான்கு கேள்விகளை வைத்தே இங்கே நிறுவனங்களை ஒப்பிடுகிறேன்.

சந்தையில் இருப்பவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ப்ரொஃபைல் எனப்படும் சட்டக் குழல்களைத் தானே உருவாக்கி, தன் ஆலையிலேயே ஜன்னலாக்கி, தன் பெயரிலேயே பொருத்தியும் தரும் பெரிய நிறுவனம் முதல் வகை. பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் ப்ரொஃபைலை வாங்கி, அந்த நிறுவனத்தின் அங்கீகாரத்தோடு ஜன்னல் செய்து தரும் ஃபேப்ரிகேட்டர் இரண்டாம் வகை. எவரோடும் ஒப்பந்தமின்றி, கிடைக்கும் பொருளைக் கொண்டு வேலை செய்யும் தனிப் பட்டறை மூன்றாம் வகை. வீட்டுப் பொருள்கள் விற்கும் பெரிய கடைகளிலும் ஜன்னலுக்கு ஆர்டர் கொடுக்கலாம் என்றாலும், செய்வதும் பொருத்துவதும் பெரும்பாலும் வேறொருவர் என்பதால் அதைத் தனி வகையாகக் கொள்ளவில்லை.

பெரிய நிறுவனத்தின் பலம் ஆலையில் இருக்கிறது. யூபிவிசி சட்டத்தின் மூலைகளை ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸில் உருக்கி ஒட்டும் இயந்திரமும், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து விளிம்பை அடைக்கும் வசதியும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், முதல் ஜன்னலும் ஐம்பதாவது ஜன்னலும் ஒரே தரத்தில் வரும். காற்றுக் கசிவு, நீர்க் கசிவு, காற்றழுத்தம் ஆகிய மூன்றுக்குமான சோதனை அறிக்கைகளையும் கேட்டுப் பெறலாம். பலவீனம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. விற்க வருபவர் ஒருவர், அளவெடுப்பவர் வேறொருவர், பொருத்த வருபவர்களோ பல நேரங்களில் உள் ஒப்பந்தத்தில் வேலை எடுத்த இன்னொரு குழுவினர். இன்றே கையெழுத்திட்டால்தான் தள்ளுபடி என்று நெருக்குவதும் இந்த வகையில்தான் அதிகம். அப்படி நெருக்குபவரிடம் அன்றைக்குக் கையெழுத்திடாமல் இருப்பதே நல்லது.

அங்கீகாரம் பெற்ற ஃபேப்ரிகேட்டரிடம் ப்ரொஃபைலின் மேல் இருக்கும் பெயர் ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது. உத்தரவாதமும் அவ்வாறே இரண்டாகப் பிரியும்: நிறம் மங்காது, குழல் வெடிக்காது என்பதற்குத் தாய் நிறுவனம் பொறுப்பேற்கும், மூலை விட்டுப்போனாலோ, நீர் கசிந்தாலோ ஃபேப்ரிகேட்டர்தான் வர வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல், 10 ஆண்டு உத்தரவாதம் என்ற ஒற்றை வரியை நம்பிப் பின்னால் அலைபவர்கள் பலர். இவர்களிடம் குறிப்பாகக் கேட்க வேண்டியது, குழலுக்குள் செருகும் எஃகு வலுவூட்டலைப் பற்றி. எஃகின் விறைப்பு யூபிவிசியைப் போல ஏறத்தாழ 80 மடங்கு. பெரிய ஜன்னல் காற்றில் வளையாமல் நிற்பது அந்த எஃகினால்தான். ஆனால் மூலைகளை ஒட்டிய பிறகு உள்ளே எஃகு இருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்பது வெளியிலிருந்து தெரியாது. ஆகவே அதன் தடிமனும், எந்தெந்தப் பகுதிகளில் செருகப்படும் என்பதும் விலைப்புள்ளியில் எழுத்தில் இருக்க வேண்டும். முடிந்தால் பட்டறைக்கே சென்று, சட்டம் ஒட்டப்படுவதற்கு முன் பார்த்துவிடுவது நல்லது. இந்த வகையின் பெரிய நன்மை, உரிமையாளரே வந்து அளவெடுப்பதும், அவரை நேரில் பிடிக்க முடிவதும்.

தனிப் பட்டறையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கோணல் திறப்பு, வளைவான மேற்பகுதி, ஒரே ஒரு ஜன்னலில் உடைந்த கீல் போன்ற, பெரியவர்கள் தொடத் தயங்கும் வேலைகளை இவர்கள் எடுத்துச் செய்வார்கள். குறை, பொருளின் பூர்வீகம் தெரியாமல் இருப்பது. அலுமினிய வேலையில் இது முக்கியம். யூபிவிசியைவிட அலுமினியம் வெப்பத்தை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கடத்தும். அதனால்தான் நல்ல அலுமினிய ஜன்னல்களில் உட்பாதிக்கும் வெளிப்பாதிக்கும் நடுவே பாலிஅமைடு எனும் பிளாஸ்டிக் பட்டை வைத்து வெப்பம் கடக்கும் வழியை மறிக்கிறார்கள். அந்தப் பட்டை இல்லாத சட்டத்தில் விலையுயர்ந்த இரட்டைக் கண்ணாடியைப் போட்டால், செலவில் கணிசமான பகுதி சட்டத்தின் வழியே வீணாகிவிடும். கொதிக்கும் வெயிலோ கடுங்குளிரோ உள்ள இடத்தில் இருப்பவர்கள், பட்டை வைத்த ப்ரொஃபைல் கிடைக்குமா என்று பட்டறையிடம் கேட்காமல் வேலை கொடுக்கக் கூடாது.

மூன்று வகையினரையும் ஒரே தராசில் நிறுக்க உதவும் தருணம், அவர்கள் அளவெடுக்க வரும் நாள். தேர்ந்தவர் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடங்களிலும் எடுத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, திறப்பின் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். பிறகு மிகச் சிறிய அளவைக் கொண்டு, சுற்றிலும் இடைவெளி கழித்துச் சட்டத்தின் அளவைக் குறிப்பார். அந்த இடைவெளி வீணாக விடப்படுவதன்று. ஒன்றரை மீட்டர் யூபிவிசி சட்டம் 30 டிகிரி வெப்பநிலை மாற்றத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் அதே நிலையில் சுமார் 1 மில்லிமீட்டர்தான் நீளும். இடமில்லாமல் இறுக்கிப் பொருத்திய யூபிவிசி சட்டம் கோடையில் வளைந்து, பூட்டு விழாமல் போவதற்கு இதுவே காரணம். ஒரு முறை டேப் பிடித்துவிட்டுக் கிளம்புபவர் எந்தப் பெயர்பலகையின் கீழ் வந்தாலும் சரி, அவரை விட்டுவிடலாம். டஃபன்ட் கண்ணாடியைச் சூடேற்றி வலுவாக்கிய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவு தவறினால் அந்தக் கண்ணாடி கழிவுதான். அந்த இழப்பை யார் ஏற்பது என்று முன்பே கேட்டால், அளவுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சுவரில் உள்ள பழைய மரச் சட்டத்தை அப்படியே விட்டு அதற்குள் புதுச் சட்டத்தை நுழைப்பதா, முழுவதும் பெயர்த்தெடுப்பதா என்பதில் நிறுவனங்கள் வேறுபடும். நுழைப்பது விரைவு, பூச்சும் உடையாது. ஆனால் கண்ணாடிப் பரப்பு குறையும், பழைய மரம் உளுத்திருந்தால் அந்த நோய் உள்ளேயே மறைந்திருக்கும். மரத்தைக் குத்திப் பார்க்காமலேயே ஒரு வழியைப் பரிந்துரைப்பவர் தன் வசதியைத்தான் பார்க்கிறார் என்று கொள்ளலாம்.

விலைப்புள்ளிகளை அருகருகே வைக்கும்போது, சதுர அடி விலையை மட்டும் ஒப்பிடுவது பெரும் பிழை. ஒருவர் 5 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடிக்கும், மற்றொருவர் 6 மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடிக்கும் விலை சொல்லியிருக்கலாம். ஜன்னல் வழியே எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்று காட்டும் யூ-மதிப்பில் இன்னும் நுட்பமான சிக்கல் உண்டு. ஒற்றைக் கண்ணாடிக்கு அது சுமார் 5.8, சாதாரண இரட்டைக் கண்ணாடிக்குச் சுமார் 2.8, வெப்பக் கதிர்களைத் திருப்பியனுப்பும் லோ-ஈ பூச்சும், நடுவே ஆர்கான் வாயுவும் சேர்ந்தால் 1.1 அளவுக்கு இறங்கும். எண் குறையக் குறைய வெப்பம் கடப்பது குறையும். ஆனால் இவை கண்ணாடியின் நடுப்பகுதிக்கான எண்கள். லோ-ஈ போன்ற நல்ல கண்ணாடி போட்டால், சட்டத்தையும் விளிம்பையும் சேர்த்த முழு ஜன்னலின் மதிப்பு பெரும்பாலும் இதைவிட மோசமாகவே இருக்கும். ஒருவர் கண்ணாடியின் எண்ணையும் இன்னொருவர் முழு ஜன்னலின் எண்ணையும் காட்டினால், நேர்மையாக எழுதியவரே தோற்றவராகத் தெரிவார். எல்லாரிடமும் முழு ஜன்னலின் மதிப்பையே கேளுங்கள்.

பொருத்தும் முறையும் எழுத்தில் இருக்க வேண்டும். மூலையிலிருந்து 150 முதல் 250 மில்லிமீட்டருக்குள் முதல் திருகு, அதன்பின் 600 மில்லிமீட்டருக்கு மேற்படாத இடைவெளியில் மற்றவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அடிக்கும் நுரை வெப்பத்தையும் ஒலியையும் தடுக்கும். மழையைத் தடுக்கும் பொறுப்பை அதனிடம் விடக் கூடாது, வெயில் பட்டால் அது உதிர்ந்தும் போகும். வெளிப்புறத்தில் இடுக்கை அடைக்கும் தரமான சீலண்ட் வேண்டும், அடிச்சட்டத்தின் வடிகால் துளைகளைச் சிமெண்டோ சீலண்டோ அடைத்துவிடக் கூடாது.

என் கணிப்பில், வழக்கமான அளவு ஜன்னல்கள் உள்ள பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாம் வகையே பொருத்தமானது. எஃகும் பொருத்தும் பொறுப்பும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. உயரமான மாடியிலோ, காற்று ஓங்கி அடிக்கும் திறந்தவெளியிலோ இருப்பவர்கள் சோதனை அறிக்கை உள்ள பெரிய நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவன்று. பொருத்தப்போவது யார் என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டொரு ஜன்னலுக்கும் பழைய மர வேலைக்கும் நல்ல பட்டறையே கைகொடுக்கும். யாரைத் தேர்ந்தாலும் கடைசித் தவணையை, குழாய் நீரை ஜன்னலின் மேல் சில நிமிடங்கள் பாய்ச்சிப் பார்த்த பிறகே கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அதற்கு முன், கையெழுத்திடும் கட்டம் வரை வந்தவரிடம், ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் அவர் ஜன்னல் பொருத்திய வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே போனதும் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். உட்புறச் சுவரில், ஜன்னலின் கீழ் மூலைகளில் பெயிண்ட் உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், பிறகு கதவை ஒரு கையால் திறந்து மூடுங்கள்.